லலிதா சித்தியும் இண்டக்‌ஷன் என்ற சொல்லும்

மழைக்கு ஊறிப்போன மர அலமாரியின் வாசனையும் ஸ்பிரிட்டின் காரமும் கலந்து மூக்கில் ஏறும் எங்கள் பள்ளிக்கூட லேபில், மீட்டரின் கண்ணாடிக்குக் கீழே சிவனே என்று கிடந்த ஒரு கறுப்பு முள் திடீரென்று துள்ளியதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. பிசிக்ஸ் டீச்சர் ஒரு கையில் செம்புக் கம்பிச் சுருளையும் மறு கையில் காந்தத்தையும் பிடித்திருந்தார். காந்தத்தைச் சுருளின் வாய்க்குள் விட்டார், முள் வலப்பக்கம் பாய்ந்தது. வெளியே எடுத்தார், இடப்பக்கம் பாய்ந்தது. உள்ளேயே அசையாமல் பிடித்துக்கொண்டார், முள்ளும் அசையாமல் நின்றது. பாட்டரி இல்லை, பிளக் இல்லை. "தொட்டில்லல்லோ! பின்னெ எங்ஙனெ அனங்ஙி?" என்று மலையாளத்தில் அவர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். தொடவே இல்லையே, பிறகு எப்படி அசைந்தது? கரும்பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதி, சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டார். இண்டக்‌ஷன்.

அன்று பத்தாம் வகுப்பில் இருந்த எனக்கு ஒரு புதுச்சொல் கிடைத்துவிட்டால் அது ஜேப்பில் போட்ட நெருப்புக்குச்சி மாதிரி. யார்மேலாவது உரசிப் பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. பஸ்ஸிலிருந்து கரமனையில் இறங்கி, சேறு தெறிக்கத் தமிழ் பேசும் எங்கள் தெருவுக்குள் ஓடியபோது, அந்தச் சொல்லை எங்கே போய் உரசப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் ஆத்தில் அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா, நான் என்று நான்கு பேர். அத்தைதான் வீட்டின் சுப்ரீம் கோர்ட். குளித்து "மடி" உடுத்திவிட்டாளானால் மத்தியானம் வரை யாரும் அவளை நெருங்க முடியாது. தொட்டால்தான் தீட்டு என்றில்லை, என் ஸ்கூல் பையின் வார் அவள் புடவையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஆடினாலே "பட்டுடுத்து!" என்று மறுபடி கிணற்றடிக்குப் போய்விடுவாள். அந்தக் கோர்ட்டில் பல வருஷமாகத் தீர்ப்பாகிவிட்ட ஒரு வழக்கு உண்டு: லலிதா வந்தால் கரண்ட் போகும்.

லலிதா சித்தி அம்மாவின் தங்கை. பொன்முடியில் தேயிலை எஸ்டேட் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. வந்தால் வீடு முழுக்க ஏலக்காய் மணமும் சிரிப்புமாக இருக்கும். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் பேசுகிற மாதிரி, ஹேர்பின் வளைவில் கண்டக்டர் வாந்தி எடுப்பவர்களைத் திட்டுகிற மாதிரி எல்லாம் நடித்துக் காட்டுவாள். ஆனால் அவள் நிலைப்படியைத் தாண்டிக் குடையை மடக்குவதற்குள், அல்லது முதல் வாய் காபி குடிப்பதற்குள், பொசுக்கென்று வீடு இருண்டுவிடும். காலேஜுக்கு வெளியூர் போய்விட்ட என் அண்ணாவின் பூணலுக்கு முந்தின நாள் அப்படித்தான். ஒரு தீபாவளிக்கு அப்படித்தான். இன்னும் எத்தனையோ நாள் அப்படித்தான். எதிராத்து மாமா டார்ச்சை அடித்துக்கொண்டே வாசலில் வந்து நின்று, "என்ன, லலிதா வந்தாச்சாக்கும்?" என்று கேட்பார். அந்தக் காலத்தில் அரசாங்கமே முறை வைத்துத் தினமும் அரை மணி நேரம் கரண்டை நிறுத்தும் கோடை மாதங்கள் உண்டு. அவற்றை அத்தை கணக்கில் சேர்க்க மாட்டாள். "அது கவர்மெண்ட் கட். இது லலிதா கட்" என்பாள். சித்தியும் சளைத்தவள் இல்லை. வரும்போதெல்லாம் கைப்பையிலிருந்து ஒரு மெழுகுவத்திப் பாக்கெட்டை எடுத்து, "இந்தாங்கோ பெரியக்கா, எனக்கான வழிச்செலவு" என்று அத்தையிடம் நீட்டுவாள். எல்லாரும் சிரிப்போம்.

லேபில் முள் துள்ளிய அந்த ஐப்பசி நாளில், துலாமழை கொட்டிக்கொண்டிருந்த சாயங்காலத்தில், சித்தி வந்திருந்தாள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கரண்ட் ஏற்கெனவே போயிருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும், கையில் ஒரு அப்பளத்தைச் சுருளாகவும் ஒரு முருங்கைக்காயைக் காந்தமாகவும் வைத்துக்கொண்டு நான் என் வித்தையைத் தொடங்கினேன். தொடாமலே சக்தி போய்ச் சேரும், நடுவில் வெறும் காற்றுதான் இருக்கும், அதற்கு இண்டக்‌ஷன் என்று பெயர் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அத்தை சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள்.

"தொடாமலே போய்ச் சேருமாமே! கேட்டேளா எல்லாரும்? இதத்தானே நான் தொண்டைத்தண்ணி வத்தச் சொல்லிண்டிருக்கேன். லலிதா போஸ்ட்ல ஏறிக் கம்பியப் பிடிச்சாளோ? இல்ல. ஃப்யூஸத் தொட்டாளோ? அதும் இல்ல. இருந்தும் போறதோல்லியோ? இப்ப ஸ்கூல்லயே படிப்பிக்கறா!"

"அக்கா, அது காந்தத்துக்காக்கும்" என்றார் அப்பா.

"மனுஷாள்லயும் காந்தம் உண்டுடா. ஏன், மடி எப்படிக் கெடறது? தொட்டா கெடறது?"

சித்தி வழக்கம்போலச் சிரித்தாள். "அப்போ என்னைக் கரண்ட் ஆபீஸ்லயே எடுத்துக்கச் சொல்லுங்கோ பெரியக்கா. லைன்மேன் கம்பம் ஏற வேண்டாம், நான் கீழ நின்னாப் போறும்." ஆனால் அன்று அவள் மோர் சாதம் போட்டுக்கொள்ளாமல் எழுந்துவிட்டாள். சித்தி மோர் சாதம் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை அவளை பஸ் ஏற்றிவிடப் போனேன். மழை விட்டிருந்தது. நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் மார்ச்சில் ரிட்டயர் ஆகிறார் என்றும், அந்த இடத்துக்குச் சித்தியை அழைக்கப்போகிறார்கள் என்றும், அப்படி வந்தால் எங்கள் ஆத்துப் பின்கட்டு அறையில் தங்கிக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டிருந்தாள் என்றும் அப்போதுதான் தெரிந்தது. நான் நடுரோட்டில் குதித்தேன். சித்தி தினமும் எங்களோடேயே!

"வரலேடி ஜானு" என்றாள். "இண்டர்வ்யூவுக்கே போகப்போறதில்ல. அத்திம்பேருக்குத் தர்மசங்கடம். பெரியக்கா வாயத் திறந்து வேண்டாம்னு சொல்லல்ல, ஆனா நாலு பேர் இருக்கற ஆத்துல நான் வந்து எதுக்கு?" குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "சிரிச்சுண்டுதான் இருந்தேன், கேட்டியா. நேத்திக்கு நீ அதைச் சொன்னப்ப சட்டுனு பயந்துபோச்சு. நெஜமாவே எங்கிட்ட ஏதாவது இருக்கோ என்னமோன்னு."

நெடுமங்காடு பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். அந்தச் சொல்லோடு ஒரு கைகலப்பு நடத்தாமல் இனித் தீராது என்று தோன்றியது.

சனிக்கிழமை நகரத்துப் பழைய நூலகத்துக்குப் போனேன். இரண்டு கையால் புரட்ட வேண்டிய ஆங்கில அகராதி ஒன்று அங்கே தனி மேஜையில் திறந்தே கிடக்கும். இண்டக்‌ஷன் என்ற தலைப்பின் கீழ் பொடி எழுத்தில் ஒரு சந்தையே கூடியிருந்தது. சொல்லின் பிறப்பு லத்தீனில்: உள்ளே என்ற பொருள் தரும் 'இன்', நடத்திச் செல் என்ற பொருள் தரும் 'டூக்கரே'. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவது, அவ்வளவுதான். புதுப் பாதிரியாரைத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போய் உட்கார வைப்பதும் அதே சொல். அதற்குக் கீழே நான் தேடிவந்த மின்சாரம். அதற்கு மேலே, நான் தேடிவராத ஒன்று: தர்க்கத்தில், தனித்தனியாகக் கண்டவற்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதிக்குப் போய்ச் சேருதல்.

நான் அதை இரண்டு முறை படித்தேன். கரமனை ஆற்றங்கரையில் பார்த்த கொக்கெல்லாம் வெள்ளை, ஆகவே கொக்கென்றாலே வெள்ளை. லலிதா வந்த நாளெல்லாம் கரண்ட் போயிற்று, ஆகவே லலிதா வந்தாலே கரண்ட் போகும். எங்கள் வீட்டில் நடந்தது மின்சாரத்து இண்டக்‌ஷனே இல்லை. அத்தை செய்தது இந்த இன்னொரு இண்டக்‌ஷன்! நாலைந்து நிகழ்ச்சிகள் அவள் கையைப் பிடித்து ஒரு விதிக்குள் அழைத்துப் போய் உட்கார வைத்துவிட்டன. வைத்தியரும் விவசாயியும் இதே வழியில்தான் நடக்கிறார்கள், இது இல்லாமல் நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்றுகூட நாம் சொல்ல முடியாது. ஆனால் ஆற்றங்கரையில் மண்நிறத்தில் ஒரு கொக்கும் உண்டு. அது பறக்கிறபோதுதான் வெள்ளை தெரியும், உட்கார்ந்தால் சேற்றோடு சேறு. எனக்கு வேண்டியது ஒரே ஒரு மண்நிறக் கொக்கு.

அது அடுத்த வாரமே வந்தது என்று நினைத்தேன். புயல் மழை. தென்னை மட்டை எங்கேயோ படாரென்று விழுந்த சத்தம், வீடு இருட்டு. அத்தை அசரவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "லலிதா வரா போலயிருக்கே. ரசத்துல கொஞ்சம் ஜாஸ்தி ஜலம் விடு" என்றாள். காத்திருந்தோம். சித்தி வரவில்லை. மலையில் மண் சரிந்து பஸ்ஸே ஓடவில்லை என்று பிறகு தெரிந்தது. "பாத்தியா அத்தை, சித்தி வரல்ல, கரண்ட் போயிடுத்து!" என்று நான் துள்ளினேன்.

"கிளம்பணும்னு நெனச்சிருப்பா" என்றாள் அத்தை.

ஆனால் நீர்த்துப்போன அந்த ரசத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே என் மண்டைக்குள் முள் ஒன்று துள்ளியது. மழை! சித்தி எப்போது வருகிறாள்? சனிக்கிழமையும் கோடை லீவிலும் லயத்துப் பிள்ளைகளுக்கு ட்யூஷன். ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்தால் திங்கள் காலை மணியடிப்பதற்குள் திரும்பிப் போக பஸ் கிடையாது. விசேஷமோ அவசரமோ இல்லாவிட்டால், மலையில் மழை வலுத்துப் பள்ளிக்கூடத்தை அடைத்தால்தான் அவள் கீழே வருவாள். மலையில் பெய்கிற அதே மழையும் அதே காற்றும்தான் கரமனையில் மட்டையைக் கம்பிமேல் தள்ளுகின்றன. மழைக்கு இரண்டு பிள்ளைகள்: ஒன்று சித்தியின் வருகை, இன்னொன்று இருட்டு. கூடப் பிறந்தவர்களில் ஒருத்தி மற்றவளைப் பெற்றாள் என்று இத்தனை வருஷமாக நாங்கள் சாதித்துக்கொண்டிருந்தோம்.

சொன்னேன். அப்பா, "செரிதான், இருக்கலாம்" என்றார். அத்தை கொஞ்சம் யோசித்து, "அப்போ மழையையும் அவதான் கூட்டிண்டு வராளாக்கும்" என்றாள்.

வாதத்தால் ஆகாது என்று தெரிந்துபோயிற்று. சித்தி வெயில் நாளில் வர வேண்டும். அம்மா எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் போட்டு, அழாத குறையாகக் கெஞ்சினாள். வேலை கிடைத்தால் போய்ச் சேருவதும் சேராததும் அப்புறம், இண்டர்வ்யூவுக்கு மட்டும் வா, ஒரு ராத்திரி இங்கே தங்கு. சித்தி கடைசியில் சம்மதித்தாள். மாசி மாதத்தில் ஒரு நாள் குறித்தார்கள். அன்று காலை எழுந்ததும் நான் பார்த்தது வானத்தைத்தான். மேகத்தின் துண்டு கூட இல்லை. வெயில் தெருவைத் தோசைக்கல்லாக்கிக்கொண்டிருந்தது. ஜெயித்தோம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவும்போதுதான் நினைவு தட்டியது. கோடை. கவர்மெண்ட் கட். எங்கள் தெருவின் முறை ஏழிலிருந்து ஏழரை. மழையையே பார்த்துக்கொண்டிருந்த நான் இதை மறந்தே போனேன். சித்தி ஏழு மணிக்குள் வந்து உட்கார்ந்து, அப்புறம் விளக்கு அணைந்தால்? அத்தை கட்டுக்குக் கட்டு வித்தியாசம் பார்க்கிறவள்தான், ஆனால் விளக்கு அணைகிற அந்த நொடியில் சித்தியின் முகம் என்ன ஆகும்?

ஆறரை. ஏழு. சித்தி வரவில்லை. கரண்ட் போயிற்று. "இண்டர்வ்யூ முடிஞ்சு நேரே மலைக்கே திரும்பிட்டாளோ?" என்று அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். நான் செருப்பு கூடப் போடாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

ஸ்டாப்புக்கு அருகே பால் பூத்தின் பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு சித்தி உட்கார்ந்திருந்தாள். அஞ்சரை மணியிலிருந்து.

"இங்க என்ன பண்றேள்?"

"இங்க ஏழு மணிக்குக் கட்டாமே. முடிஞ்சு கரண்ட் வரட்டும்டி. வந்ததுக்கப்பறம் வரேன். எதுக்கு வீணா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மழைக் கதை முழுக்கச் சொன்னேன். மலை, பள்ளிக்கூடம், பஸ், மட்டை, கம்பி. முடித்ததும் மெதுவாக, கோர்ட்டில் குற்றப்பத்திரிகையை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறவளைப் போல ஆரம்பித்தாள்.

"பூணலுக்கு?"

"மழை. பந்தல் ஒழுகித்து, ஓர்மை இல்லியோ?"

"தீபாவளிக்கு?"

"துலாமழை."

"உங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லேன்னு வந்தேனே, அன்னிக்கு?"

"எடவப்பாதி மழை. ஆறு படித்துறைய முக்கிடுத்துன்னு நீங்கதான் சொன்னேள்."

"வெயில்ல நான் வந்ததே இல்லியோ?"

"இன்னிக்குத்தான் மொதல் தடவை."

பூத்துக்காரர் மெழுகுவத்தியைப் பால் கவர்களுக்கு நடுவே நட்டு வைத்திருந்தார். அந்த வெளிச்சத்தில் சித்தி கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு வந்த சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாத சிரிப்பு, யாருக்காகவும் சிரிக்காத சிரிப்பு. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கஷ்டம்! ஒரு தடவை வெயில்ல வந்து பாத்திருக்கப் படாதோ நான்? டீச்சராம் டீச்சர்!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். "வா போலாம். பசிக்கறது. இருட்டா இருந்தா இருக்கட்டும்."

இருட்டுக்குள்ளேயே தெருவில் நடந்தோம். அவள் நிலைப்படியில் வலது காலை வைத்தாள். அந்தக் கணத்தில், நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஏழரை ஆகி, தெரு முழுக்க விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வழக்கம்போல "ஹேய்!" என்று கூவினார்கள். எங்கள் கூடத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கையில் சிம்னி விளக்கோடு எதிரே நின்ற அத்தை சித்தியின் காலைப் பார்த்தாள், பல்பைப் பார்த்தாள், மறுபடி காலைப் பார்த்தாள்.

"வந்துடுத்து!" என்று கத்தினாள். "லலிதா கால் வெச்சதும் வந்துடுத்து, பாத்தேளா! நான் அப்பவே நெனச்சேன், இவகிட்ட என்னமோ இருக்குன்னு!"

நான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு, அதுவும் கடிகாரப்படி வந்த கரண்டை வைத்துக்கொண்டு, இது என்ன தர்க்கம்? அம்மாவின் கை பின்னாலிருந்து வந்து என் வாயை இறுக்கமாகப் பொத்தியது. "மிண்டாதே" என்று மலையாளத்தில் காதுக்குள் சொன்னாள். நான் மிண்டவில்லை. எதிராத்து மாமாவைக் கூப்பிட்டு அத்தை அதே கதையைச் சொன்னாள். அவர், "அப்படியா, தினம் ஏழு மணிக்கு எங்காத்துக்கும் அனுப்பி வையுங்கோ" என்றார். சித்தி மோர் சாதம் இரண்டு தரம் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்தபோது என் நெஞ்சில் மாதக்கணக்காக யாரோ வைத்து அழுத்திக்கொண்டிருந்த அம்மிக்குழவியை எடுத்துவிட்டாற்போல இருந்தது. சரியான காரணத்துக்காக ஜெயிக்கவில்லை என்ற குறை அப்புறம்தான், மெல்லத்தான் வந்தது.

ஜூனில் சித்தி பின்கட்டு அறைக்கு வந்துவிட்டாள். அந்த வருஷத்து மழையிலும் கரண்ட் போனது. சித்தி எங்களோடேயே உட்கார்ந்திருக்கும்போது போனது. அத்தை ட்ரான்ஸ்பார்மரைத் திட்டினாள்.

பிற்பாடு தமிழ்ப் பாடநூல்களைத் தேடிப் பார்த்தேன். மின்சாரத்துக்குத் தூண்டல், தர்க்கத்துக்குத் தொகுத்தறிதல் என்று இரண்டு சொற்களாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தெளிவுதான், ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. ஆனால் நம்மிடமும் 'உய்த்தல்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. செலுத்துதல், நடத்திக் கொண்டுபோதல். அதிலிருந்துதான் உய்த்துணர்தல். லத்தீன்காரர்களைக் கேட்காமலே நம்மவர்களும் அறிவை ஒரு வழிநடை என்று கண்டிருக்கிறார்கள். யாரோ நம்மை அழைத்துப் போகிறார்கள். எங்கே என்று மட்டும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்று கரமனைத் தெருவில் வெற்றுக் கம்பிகள் இல்லை, கறுப்பு உறை போட்ட கேபிள் ஓடுகிறது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். விளக்கு அணைவதும் இல்லை, ஆகவே அது திரும்பி வரும்போது தெருவே கூவுகிற அந்த "ஹேய்"யும் இல்லை. நூலகத்து மேஜையில் அகராதி இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். சித்தி ரிட்டயராகி, அந்தத் தெருவிலேயே சின்னதாக ஒரு வீடு பிடித்து, ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஏக சத்தமாக இருக்கிறாள்.

நான் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் விழிஞ்ஞத்திலிருந்து வரும் ஷிபு என்ற எஞ்சினியர் இருக்கிறார். "ஷிபு டியூட்டியில் இருந்தால் சர்வர் விழும்" என்பது அங்கே நடமாடும் வேடிக்கை. அவரும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார், சர்வர் விழும் நாட்களில் அவரே எல்லாருக்கும் வாழைப்பழ பஜ்ஜி மாதிரியான பழம்பொரி வாங்கிக் கொடுக்கிறார். போன வாரம் ஒரு புது வேலைக்கு ஆள் எடுத்தபோது அவர் பெயரைச் சொன்னார்கள், சிரித்தார்கள், அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அன்று அவரே வாங்கி வைத்திருந்த பழம்பொரியைத் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்போகிறேன்: ஷிபுவுக்கு எந்தெந்த நாட்களில் டியூட்டி போடுகிறீர்கள்? புது சாஃப்ட்வேர் ஏற்றுகிற, வேறு யாரும் வர மறுக்கிற நாட்களில்தான் என்று என் சந்தேகம். அப்படியானால் அடுத்த மாதம் ஒன்றும் ஏற்றாத, வெறும் சாதாரண நாள் ஒன்றை அவருக்குக் கேட்டு வாங்குவேன். அன்று நானும் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.